மேடைக்கு அடியில் மச்சாள் பூட்டிய பேஸ்

உழவு ரக்ரர் இழுக்கிற பெட்டிக்கு அடியிலிருந்து இரண்டு கால்கள் நீட்டிக்கொண்டிருந்தன. ஒன்றில் செருப்பு இருந்தது, மற்றதில் இல்லை. பாடசாலை முற்றத்தில் வாணி விழாவுக்கு வாழை கட்டிக்கொண்டிருந்தவர்கள் எல்லாரும் அந்தக் கால்களைச் சுற்றிச் சுற்றித்தான் போய் வந்தார்கள். உள்ளே மல்லாந்து படுத்திருந்தவர் என் மச்சாள், என் கணவருடைய அக்கா. முதுகுக்குக் கீழே ஒரு உரச் சாக்கு, பல்லுக்கு இடையில் ஒரு துண்டு வயர். பக்கத்தில் குந்தியிருந்த என்னைப் பார்த்து, "அந்த ரோச் பற்றறியை எடுத்துத் தாரும். அங்கை என்ன புதினமே பாத்துக்கொண்டிருக்கிறீர்?" என்று வயரைக் கடித்தபடியே ஏசினார். வேறு நாளென்றால் நானும் திருப்பி ஒன்று சொல்லியிருப்பேன். கலியாணப் பேச்சுத் தொடங்கின நாளிலிருந்து எங்கள் இரண்டு பேருக்கும் எலியும் பூனையும்தான். அன்றைக்கு மட்டும் வாயை மூடிக்கொண்டு பற்றறியை எடுத்துக் கொடுத்தேன். என் மகளைக் கோலாட்டத்தில் ஆட விடுவார்களா, இல்லையா என்பது அந்தப் பெட்டிக்கு அடியில் நடக்கிற வேலையில்தான் தங்கியிருந்தது.

மகளுக்குப் பிறவியிலேயே காது கேளாது. யாழ்ப்பாணம், கொழும்பு என்று கொண்டு திரிந்தோம், கருவியும் போட்டுப் பார்த்தோம், பலனில்லை. வீட்டில் கையால் கதைத்துக் கதைத்து எங்களுக்கென்று ஒரு பாஷை உண்டாகிவிட்டது. ஊர்ப் பாடசாலையில் அவளை மனங்கோணாமல் சேர்த்துக்கொண்டார்கள், அதைச் சொல்லத்தான் வேண்டும். ஆனால் ஒவ்வொரு வாணி விழாவுக்கும் மற்றப் பிள்ளைகள் ஆட, இவளைப் பட்டுப்பாவாடை உடுத்தி, குத்துவிளக்குக்குப் பக்கத்தில் பூத்தட்டோடு நிறுத்திவிடுவார்கள். "என்ன வடிவாய் நிக்குது பிள்ளை" என்று பெண்டுகள் எனக்குக் கேட்கச் சொல்வார்கள். எனக்குப் பத்திக்கொண்டு வரும். பிள்ளை என்ன, விளக்குத் தண்டா நிற்பதற்கு? அந்த வருடம் அவளே தட்டைத் தள்ளிவிட்டு, கோலாட்டக் கம்பு இரண்டை எடுத்துக்கொண்டு வரிசையில் போய் நின்றுவிட்டாள். நடன ரீச்சர் பொல்லாதவர் அல்ல. என்னைத் தனியாகக் கூப்பிட்டு, "அம்மா, குறை நினையாதேங்கோ. வேறை ஆட்டமெண்டால் மற்றப் பிள்ளையளைப் பாத்துப் பாத்துச் செய்திடுவா. கோலாட்டத்திலை ஒரு ஆள் பிந்தினால் முழு வட்டமும் குழம்பிப் போகும்" என்றார். அவர் சொன்னதில் பிழை இல்லை. அதனால்தான் எனக்கு இன்னும் கூடுதலாக நொந்தது.

இனி மச்சாளைப் பற்றிச் சொல்ல வேண்டும். இடம்பெயர்ந்து திரிந்து ஊருக்குத் திரும்பி வந்த காலத்தில் பெண்களுக்குத் தொழில் பழக்குகிறோம் என்று கூப்பிட்டார்களாம். தையலுக்கு ஒரு வரிசை, வாகன வயரிங் வேலைக்கு ஒரு வரிசை. தையல் வரிசை றோட்டு வரைக்கும் நீண்டிருக்க, மற்றதில் ஒரு காக்கை குருவியும் இல்லை. "வெயிலுக்கை ஆர் நிக்கிறது?" என்று மச்சாள் ஆளில்லாத பக்கம் போய் நின்றாராம். அதை அவர் பகிடியாகத்தான் சொல்லுவார். பிறகு கிளிநொச்சியில் ஒரு கராச்சில் வேலை செய்து, பரந்தன் பக்கம் றோட்டோரமாய்த் தனக்கென்று ஒரு தகரக் கொட்டில் போட்டார். வான்காரரும் ஓட்டோக்காரரும் பாட்டுச் செற் பூட்ட வருவார்கள். வந்து எட்டிப் பார்த்துவிட்டு, "அக்கா, பாஸ் எங்கை?" என்று கேட்பார்கள். "பாஸ்தான் கதைக்கிறன், என்ன வேணும் சொல்லு" என்பார் மச்சாள், தலையை நிமிர்த்தாமலே. என்னைப் பொம்பிளை பார்க்க என் பிறந்த வீட்டுக்கு முதன்முதல் வந்தபோது, கால் கழுவ முதலே கூரையைப் பார்த்து, "ஆர் இந்த லைற் வேலை செய்தது? வீடு எரியப் போகுது" என்றவர். அந்த வேலையைச் செய்தது என் அப்பா. எங்கள் சண்டை அன்றைக்குத் தொடங்கியது.

வாய் அப்படி, கை வேறு விதம். யார் எந்தப் பெட்டியைக் கொண்டுவந்தாலும் எடுத்தவுடன் பூட்ட மாட்டார். முதலில் சத்தத்தைப் பெருக்குகிற அம்ப்ளிபயரை, எங்கள் வாயில் அம்பை, குப்புறப் புரட்டி, அடியில் பொடி எழுத்தில் எழுதியிருப்பதைக் கண்ணுக்குக் கிட்டப் பிடித்து வாசிப்பார். பிறகு தாளத்தை அதிரவைக்கிற பேஸ் ஸ்பீக்கருக்கு மீற்றர் பிடித்துத் தடை பார்ப்பார். அதற்குப் பிறகுதான் வயரைத் தொடுவார். பெடியன்களுக்கு அந்தப் பொறுமை இருக்காது. இரண்டு பேஸையும் பக்கம் பக்கமாய்ச் சேர்த்துக் கட்டினால் சத்தம் கூட வரும் என்று அவர்களுக்குத் தெரியும், அது போதும். அம்பு தாங்குமா என்று ஒருவரும் கேட்பதில்லை. "அதுக்கும் ஒரு வயிறு இருக்கடா. உன்ரை ஆசைக்கு அது சாக ஏலாது" என்று ஏசி, சொன்னபடி கேட்காதவனை வானோடு திருப்பி அனுப்பிவிடுவார். வந்த வேலையை விரட்டுகிற மனுசியை நான் வேறெங்கும் கண்டதில்லை. அப்போது அதைத் திமிர் என்றுதான் நினைத்தேன்.

என் கணவர் வான் ஓட்டுகிறவர். கோவில் பயணம், கலியாணப் பயணம் என்று போகிற வானுக்குப் பாட்டு அதிரவேண்டும், இல்லாவிட்டால் சனம் ஏறாது. அக்காவிடம் போனால் ஏச்சு விழும் என்று பயந்து, அவர் களவாக மல்லாவிக்குப் போய் யாரோ ஒருவரிடம் இரண்டு பேஸ் பூட்டிக்கொண்டு வந்தார். சத்தம் என்றால் சத்தம், சீற்றுக்குக் கீழே இடி இறங்கும். ஆனால் கொஞ்சத் தூரம் போனதும் அம்பு கொதித்துத் தானாகவே நின்றுவிடும். ஆற விட்டால் திரும்ப வேலை செய்யும். எங்கள் சனம் எதைத்தான் வழக்கமாக்காது? "அம்பு படுத்திட்டுது, இறங்கித் தேத்தண்ணி குடியுங்கோ" என்று இவர் மரநிழலில் வானை நிறுத்துவார். ஆட்களும் இறங்கி, பிள்ளைகளுக்கு ஒன்றுக்கு இருக்க விட்டு, வடையும் சாப்பிட்டு, அம்பைத் தொட்டுப் பார்த்து, "ஆறிட்டுது, வெளிக்கிடுவம்" என்று ஏறுவார்கள். பேஸ் நிற்காத வானில் போனால் தேத்தண்ணி கிடைக்காது என்று கூடச் சிலர் எங்கள் வானைத் தேடி வந்தார்கள். மச்சாள் மட்டும் அந்த வானில் கால் வைக்க மாட்டேன் என்று நின்றார்.

வற்றாப்பளை அம்மனுக்காகத்தான் ஒருமுறை ஏறினார். மகளோடு பின் சீற்றில், பேஸ் பெட்டிக்கு மேலேயே இருந்தார். வழி முழுக்கத் தம்பியைத் திட்டிக்கொண்டு வந்தவர், ஓரிடத்தில் திடீரென்று பேச்சை நிறுத்திவிட்டார். நான் திரும்பிப் பார்த்தேன். மச்சாள் மகளின் கையைப் பார்த்துக்கொண்டிருந்தார். மகள் யன்னலால் வெளியே வயலைப் பார்த்தபடி, விரல்களால் சீற்றில் தட்டிக்கொண்டு வந்தாள். வழக்கம்போல அம்பு படுத்தது, விரலும் நின்றது. தேத்தண்ணி குடித்து வெளிக்கிட்டுப் பாட்டுத் தொடங்க, விரலும் தொடங்கியது. மச்சாள் என்னிடம் குனிந்து, "பாத்தனீரோ? இவளுக்குத் தாளம் தெரியுது. காதாலை இல்லை, முதுகாலை கேக்கிறாள்" என்றார். எனக்குச் சந்தோசம் வரவில்லை, எரிச்சல்தான் வந்தது. பெற்றவள் நான் இருக்க, இத்தனை பயணத்தில் நான் காணாததை இந்த மனுசி ஒரு பயணத்தில் கண்டுவிட்டாரே என்ற எரிச்சல். அடுத்த நிமிசமே அழுகை வந்தது. அம்மன் கோவிலுக்குப் போகும்போது அழுதால் யாரும் ஏன் என்று கேட்க மாட்டார்கள், அது ஒரு வசதி.

ஆகவே கோலாட்டக் கதை வந்தவுடன் மச்சாள் ரீச்சரிடம் தானே போனார். காலால் தாளம் கேட்கும்படி மேடையைச் செய்து தருகிறேன், பிள்ளையை விடுங்கோ என்றார். ரீச்சர் யோசித்து, "ஒத்திகையிலை பிழைக்காட்டில் விடுறன்" என்றார். பாடசாலை மேடை சீமெந்து, அதற்குள் அதிர்வு ஏறாது. எங்கள் பக்கத்தில் மேடை இல்லாத இடத்தில் இரண்டு ரக்ரர் பெட்டிகளைப் பக்கம் பக்கமாய் விட்டு, கரைத் தகடுகளைக் கழற்றி மேடையாக்குவது வழக்கம்தான். பலகைத் தளம் உள்ள பெட்டிகளாகப் பார்த்து முற்றத்துக்குக் கொண்டுவந்தோம். பாட்டு வானின் செற்றிலிருந்து வரும். சனத்துக்குக் கேட்கிற குழாய் ஸ்பீக்கர்கள் பாடசாலைக் கறன்ற்றில் ஓடும். பேஸும் அதன் அம்பும் வான் பற்றறியில் ஓடும், இரண்டு பேஸும் பெட்டிக்கு ஒன்றாய் அடியில் பூட்டப்படும். இதுதான் மச்சாளின் திட்டம். "நான் வாறவரைக்கும் தொடாதை" என்று தம்பிக்குச் சொல்லிவிட்டுத்தான் கொட்டிலுக்குப் போனார்.

இவர் கேட்டாரா? மல்லாவி வயரிங்கை அப்படியே கழற்றிப் பெட்டிக்கு அடியில் பூட்டி, விழாவுக்கு முதல் நாள் ஒத்திகையை ஓடவிட்டார். தொடக்கம் நன்றாகத்தான் இருந்தது. மகள் வெறுங்காலோடு பலகையில் நின்று, சரியான இடத்தில் கம்பைத் தட்டினாள். பாட்டின் நடுவில் அம்பு கொதித்துப் படுத்தது. மற்றப் பிள்ளைகளுக்குக் குழாயில் பாட்டுக் கேட்டுக்கொண்டுதான் இருந்தது, அவர்கள் ஆடினார்கள். இவள் கம்பைத் தூக்கியபடி, காலடியில் தரை காணாமல் போனவள் மாதிரி நின்றாள். சோடிப் பிள்ளையின் கம்பு வந்து விரல் முட்டியில் பட்டது. வட்டம் குழம்பியது. ரீச்சர் வந்து விரலைத் தடவிவிட்டு, "நாளைக்குப் பூத்தட்டைப் பிடிக்கட்டும் அம்மா" என்றார். மகள் அழவில்லை. தன் காலையும் பலகையையும் மாறி மாறிப் பார்த்தாள், தான்தான் என்னவோ பிழை விட்டுவிட்டதாக.

விழா அன்று விடிய மச்சாள் வந்து, வீங்கின விரலைப் பார்த்தார். தம்பியிடம் ஒரு சொல்லும் பேசவில்லை. அவர் தம்பியை ஏசாமல் விட்டதை நான் அன்றுதான் முதன்முதல் கண்டேன், பயமாக இருந்தது. ரீச்சரிடம் போய், "ஒருக்கா ஆடிப் பாருங்கோ. பிழைச்சால் தட்டை நானே அவளின்ரை கையிலை குடுக்கிறன்" என்று கேட்டுவிட்டு, சாக்கை விரித்துப் பெட்டிக்கு அடியில் போனார். முதல் வேலையாகப் பழைய வயரை வெட்டி எறிந்தார். இவர் மெல்லக் குனிந்து, இரண்டையும் ஒன்றுக்குப் பின்னால் ஒன்றாய்க் கட்டினால் சத்தம் அரைவாசியாய்ப் போகுமே, விழாவென்றால் ஊர் அதிரவேண்டாமா என்றார். அப்போதுதான் மச்சாள் தம்பியிடம் வாய் திறந்தார். "டேய், ஒரு வோட்டர் பம்மிலை ரெண்டு வாய்க்காலையும் ஒரேயடியாய்த் திறந்தால் என்ன நடக்கும்? பம் சூடேறி நிண்டுபோம். நீ கமக்காரன்ரை மகன்தானே? இந்த அம்பிலை தடையை நாலுக்குக் கீழை இறக்காதை எண்டு எழுதியிருக்கு, நீ ரெண்டிலை விட்டிருக்கிறாய். நான் எட்டிலை விடுறன். சத்தம் குறையும், ஆனால் நிக்காது. ஊர் ஏன் அதிரோணும்? இந்தப் பலகை அதிர்ந்தால் காணும்." இவர் அதற்குப் பிறகு வாழை கட்டப் போய்விட்டார்.

அப்போதுதான் என்னிடம் பற்றறியைக் கேட்டார். மகளையும் அடியில் கூப்பிட்டு, ஒரு ஸ்பீக்கரின் நெஞ்சில் அவளின் விரலை வைத்து, பற்றறியை வயர் நுனியில் தொட்டார். ஸ்பீக்கர் விரலை மெல்ல வெளியே தள்ளியது. மகள் சிரித்தாள். மற்றப் பெட்டிக்கு அடியில் போய்த் தொட்டபோது அது உள்ளே இழுத்தது. பிள்ளை தலையாட்டி, பிழை என்று கையைக் காட்டினாள். "ஓம் ராசாத்தி, இது எதிர்ப்பக்கம் இழுக்குது" என்று மச்சாள் வயரை மாற்றிக் கட்டினார். வட்டமாய் ஆடுகிறவள் இந்தப் பெட்டியிலிருந்து அந்தப் பெட்டிக்கு மாறுவாள், ஒன்று தள்ளும்போது மற்றது இழுத்தால் கால் குழம்பும் என்று எனக்கு விளங்கப்படுத்தினார். ஏசாமல் தன் வேலையைப் பற்றி எனக்கு அவர் சொன்னது அதுதான் முதல் தடவை.

ஒத்திகை முழுப் பாட்டும் ஓடியது, அம்பு நிற்கவில்லை. ரீச்சர் பூத்தட்டை எடுத்து வேறொரு பிள்ளையிடம் கொடுத்தார்.

விழாவில் பேச்சுக்கு மேல் பேச்சு, வெயில் ஏறிக்கொண்டே போனது. கடைசியில் கோலாட்டம். பின்னால் நின்ற இளந்தாரிகள் "பேஸ் காணாது, கூட்டுங்கோ" என்று கத்தினார்கள். இவருடைய கை தன்பாட்டில் அம்பின் திருகிக்குப் போனது. மச்சாள் அந்தக் கையில் ஒரு அடி வைத்தார், தாய் சின்னப்பிள்ளைக்கு வைப்பது போல. மகள் ஆடினாள். பெட்டி மாறினாள், திரும்பினாள், சோடியின் கம்பில் தட்டினாள். நான் கந்தசஷ்டியில் கூட அப்படிக் கும்பிட்டதில்லை. பாட்டு வேகம் பிடிக்கிற இடத்தில் கறன்ற் போய்விட்டது.

குழாய்கள் வாயடைத்துப் போயின. பிள்ளைகள் ஒவ்வொருவராய்க் கம்பைத் தாழ்த்தி ரீச்சரைப் பார்த்தார்கள். ரீச்சர் ஆட்டத்தை நிறுத்தச் சொல்ல எழும்பினார். மகள் மட்டும் நிற்கவில்லை. வான் பற்றறியில் ஓடிய பேஸ் அவளின் காலுக்குக் கீழே போய்க்கொண்டே இருந்தது. கம்பைத் தாழ்த்தி நின்ற சோடியை முறைத்துப் பார்த்து, அவளின் கம்பில் ஓங்கி ஒரு தட்டுத் தட்டினாள். சோடி திடுக்கிட்டு ஆடத் தொடங்கினாள். அதைப் பார்த்து அடுத்த சோடி. அப்படியே வட்டம் முழுக்க, என் பிள்ளையின் கம்பைப் பார்த்துப் பார்த்து, காது கேட்கிற பிள்ளைகள் எல்லாம் தாளம் பிடித்தார்கள். பாட்டு இல்லை, பலகைக்கு அடியில் பேஸின் முனகலும் கம்புச் சத்தமும் மட்டும்தான். எழும்பின ரீச்சர் எழும்பினபடி நின்றார். நான் மச்சாளைத் தேடினேன். அவர் மேடையைப் பார்க்கவே இல்லை. குந்தியிருந்து, அம்பின் முதுகில் உள்ளங்கையை வைத்துச் சூடு பார்த்துக்கொண்டிருந்தார், காய்ச்சல்காரப் பிள்ளையைப் பார்ப்பது போல. அந்தக் கையைப் பிடித்துக் கும்பிட வேண்டும் போலிருந்தது எனக்கு.

இப்போது மகள் வளர்ந்து, ஆடைத் தொழிற்சாலையில் வேலை செய்கிறாள். கூட வேலை செய்கிற பிள்ளைகள் கலியாண வீடுகளில் ஆடும்போது இவளையும் இழுத்துக்கொண்டு போகிறார்கள், இவள் பேஸ் பெட்டிக்குக் கிட்டப் போய் நின்று ஆடுகிறாள். மச்சாளின் தகரக் கொட்டில் கல்லால் கட்டின கடையாகிவிட்டது. எங்கள் வானில் இப்போது பேஸ் நிற்பதில்லை, தேத்தண்ணிக்கு நிறுத்தச் சொல்லிச் சனம் கேட்க வேண்டியிருக்கிறது. நானும் மச்சாளும் போன கிழமை கூட மீன் குழம்புக்குப் புளி காணுமா காணாதா என்று சண்டை பிடித்தோம். இதை வாசித்தால், "உமக்கு வேறை வேலை இல்லையோ?" என்று கட்டாயம் ஏசுவார். ஏசட்டும். என் வாழ்க்கையில் நான் கண்ட கெட்டிக்காரி அவர்தான், மனசுக்குள் வைத்திருந்ததை எழுதியாவது சொல்கிறேன்.

அன்றைக்கு ஆட்டம் முடிந்ததும் மகள் மேடையிலிருந்து குதித்து எங்களிடம் ஓடி வந்தாள். சனம் எழும்பி நின்றது, சிலர் கண்ணைத் துடைத்தார்கள், நானோ முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு நின்றேன். அவள் முகங்களைப் பார்த்து மிரண்டுபோய், பிழை விட்டேனா என்று கையால் கேட்டாள். மச்சாள்தான் குழாய் ஸ்பீக்கரைக் காட்டி, விரல்களை விரித்து மூடி, கறன்ற் போய்விட்டது என்றார். மகள் குழாயைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள், மச்சாளைப் பார்த்தாள். பிறகு உள்ளங்கையைத் திருப்பிக் கேட்டாள்: "எப்ப?"